கம்பனியின் பாதி

புக்கிட் டமார் தோட்டம்,
செரம்பான்,
19 ஜனவரி 1941

அன்புள்ள பொன்மலருக்கு,

நீர் அனுப்பிய பனம்பழப் பனாட்டு வந்தது. பாதியை வழியில் எறும்பு தின்றது, மிச்சத்தில் பாதியை ஏரம்பு தின்றான். ஏரம்புவை உமக்குத் தெரியாது. நீர் ஊருக்குப் போன பிறகு வந்த ஸ்டோர்க் கிறாணி, என்னைப் போல் கணக்கெழுதுகிறவன், நெல்லியடி ஆள். நாற்பது வயதாகியும் பனாட்டைக் கண்டால் கை நிற்காது.

புது வருடம் பிறந்ததும் உட்கார்ந்து ஒரு கணக்குப் பார்த்தேன். கோபிக்காமல் வாசியும். 1922இல் கம்பனி பிரொவிடென்ற் பண்டு தொடங்கியது உமக்கு நினைவிருக்கும். மாதம் நான் பத்து வெள்ளி போட்டால் கம்பனி தன் பங்குக்குப் பத்து வெள்ளி போடும் என்று துரை சொன்னதை வந்து சொன்னேன். பிள்ளையில்லாத நமக்கு இதுதான் பிள்ளை, ஒழுங்காக வளருங்கள் என்றீர். அன்று சிரித்தேன். ஆனால் ஒரு மாதமும் விட்டதில்லை. றப்பர் விலை விழுந்து சம்பளத்தை அரைவாசியாக்கிய காலத்திலும், உம்மைக் கப்பலேற்றிவிட்டு வெறும் வீட்டுக்கு வந்த அந்த மாதத்திலும் போட்டேன்.

என் பாதியை நான் நினைத்த நேரம் எடுத்துக்கொண்டு போகலாம். கம்பனியின் பாதி அப்படியில்லை. ஐம்பத்தைந்து வயது முடிய வேண்டும். அல்லது வேலைக்கு உதவாதவன் என்று டாக்டர்மார் எழுத வேண்டும். அல்லது நான் சாக வேண்டும், அப்போது உமக்கு வரும். இடையில் விலகுகிறவனுக்கு அதில் ஒரு சதமும் கிடையாது.

இங்கேதான் என் ஞானஸ்நானம் வந்து குறுக்கே நிற்கிறது. பத்து வயதில் என்னை மிஷன் பள்ளிக்கூடத்து விடுதியில் சேர்க்க ஐயா கூட்டிக்கொண்டு போனபோது, ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத்தான் இலவசச் சாப்பாடு என்றார்கள். ஐயா ஒரு கணமும் யோசிக்கவில்லை. ஆறு என்று சொல்லிவிட்டார். நானும் எலும்பும் தோலுமாய் அவர் சொன்னதற்கு ஏற்றபடிதான் நின்றேன். பரமலிங்கமாய்ப் போனவன் ஜெபரட்ணமாய்த் திரும்பினேன், நாலு வயதும் குறைந்துவிட்டது. அந்த ஞானஸ்நானப் பதிவைத்தான் கம்பனியிலும் கொடுத்தேன்.

வருகிற ஐப்பசியில் எனக்கு ஐம்பத்தைந்து முடிகிறது. கம்பனிக்கு ஐம்பத்தொன்று. இன்னும் நாலு வருடம், பொன்மலர். நீர் இல்லாத ஒன்பது வருடம் போன மாதிரி அதுவும் போய்விடும் என்று எழுத நினைத்தேன். எழுத வரவில்லை.

உமது,
ஜெபரட்ணம்


உடுவில்,
9 பெப்ரவரி 1941

அன்பானவருக்கு,

உங்கள் கடிதம் கண்டேன். கணக்கையும் கண்டேன். எழுத்துத்தான் என்னைக் கலக்கியது. கோடு போட்ட கடதாசியில் எழுதியும் வரிகள் ஏன் கீழே இறங்குகின்றன? பேனை சரியில்லை என்று சொல்ல வேண்டாம். என் நாலாம் வகுப்புப் பிள்ளைகள் தினமும் சொல்லும் சாட்டு அது.

நாலு வருடம் போய்விடும் என்று எழுத வரவில்லை என்றீர்கள். எனக்கு வாசிக்கவும் வரவில்லை. நீங்கள் எனக்கு அனுப்பிவைத்த காசில் வாங்கிய காணியில் சுவர் எழும்பி ஆறு வருடமாகிறது. மேலே தென்னோலைக் கிடுகுதான். வருடா வருடம் வேய்ந்து வேய்ந்து, கிடுகுக்குக் கொடுத்த காசில் பாதிக் கூரைக்கு ஓடு போட்டிருக்கலாம். ஆனாலும் கையை வைக்கவில்லை. நீங்கள் இரண்டு பாதியோடும் வந்த பிறகு ஒரேயடியாய்ச் செய்வோம் என்பதுதானே பேச்சு? என் சம்பளம் நிற்கப் போகும் நாளும் தூரத்தில் இல்லை. பள்ளிக்கூடத்து மனேஜர் புதிதாய்ப் படித்து வந்த பெண் ஒருத்தியை அழைத்துவந்து, என் வகுப்பை ஒரு நாள் பார்க்க வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

நமக்குத் தண்ணீர் தர மகனுமில்லை, முகம் பார்த்து வைத்திருக்க மருமகளுமில்லை. யாருடைய வீட்டுக் குசினி அடுப்படியிலும் போய் நிற்காமல் இரண்டு பேரும் கண் மூட வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

உங்கள் ஐயா சொன்ன பொய்க்கு நீங்கள் ஏன் நாலு வருடம் மறியலில் அடைபட்டு இருக்க வேண்டும்? உண்மையைச் சொன்னால் கேட்கிறவன் கேட்பான். நான் ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். இப்போது சொல்ல மாட்டேன், சொன்னால் தடுப்பீர்கள்.

உங்கள்,
பொன்மலர்


புக்கிட் டமார் தோட்டம்,
2 மார்ச் 1941

அன்புள்ள பொன்மலருக்கு,

பேனைதான் சரியில்லை. உமது வகுப்புப் பிள்ளைகள் சிலவேளை உண்மையும் சொல்லக்கூடும்.

நீர் என்ன யோசித்தீர் என்று தெரியவில்லை. எதுவானாலும் கொஞ்சம் பொறும். நானும் ஒரு வழி பார்க்கிறேன். அது சரிவந்தால் வருடம் முடிவதற்குள் இரண்டு பாதியோடும் வருவேன். சரிவருமுன் சொல்லி உம்மை வீணாய்க் கலங்கப் பண்ண மாட்டேன். உம்மைக் கட்டி இருபத்தைந்து வருடமானவன் சொல்கிறேன், இந்த ஒருமுறை நம்பி இரும்.

கூரை வேலைக்கு ஓட்டு விலை என்ன என்று மட்டும் விசாரித்து வையும். விலைதான், அச்சாரம் கொடுத்துவிட வேண்டாம்.

உமது,
ஜெபரட்ணம்


உடுவில்,
11 மே 1941

அன்பானவருக்கு,

இந்தக் கடிதத்தை இருந்து வாசியுங்கள். பொறும் என்றீர்கள், நான் பொறுக்கவில்லை.

மார்ச் கடைசியில் உரும்பிராய்க்கு உங்கள் அண்ணையிடம் போனேன். நம்முடைய கலியாணத்துக்கு வராதவர், அதன் பிறகும் நம் வாசல் படலையைத் திறந்து பாராதவர். இருபத்தைந்து வருடத்தில் நான் அந்த வீட்டுக்குப் போனது அதுதான் முதல் தடவை. மிளகாய்த் தோட்டத்துக்குள் நின்றவர் என்னைக் கண்டு தோளிலிருந்த துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே வரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. வந்த காரியத்தைச் சொன்னேன். நீங்கள் பிறந்தபோது எழுதிய சாதக ஓலை வேண்டும் என்றேன்.

"அவன் கேட்டு விட்டவனோ, இல்லாட்டி நீராத்தான் வந்தனீரோ?" என்று கேட்டார்.

"நானாத்தான் வந்தனான். அவருக்குத் தெரியாது" என்றேன்.

அவர் உள்ளே போய் நெடுநேரம் வரவில்லை. வரும்போது மஞ்சள் துணியில் சுற்றிய ஓலையோடு வந்தார். என் கையில் தரவில்லை, படலைக் கட்டையின் மேல் வைத்தார். "எழுதின சாத்திரியாரும் செத்துப்போனார், அம்மாவும் போயிட்டா. உது ஒண்டுதான் எங்களிட்டை மிச்சம். துலைச்சுப் போடாதையும்" என்றார். தொலைக்க மாட்டேன் என்றேன்.

அதை எடுத்துக்கொண்டு சமாதான நீதவான் சீவரத்தினத்திடம் போனேன். பரமலிங்கமும் ஜெபரட்ணமும் ஒரே ஆள், என் கணவர், அவர் பிறந்தது 1886 ஐப்பசியில் என்று சத்தியக் கடதாசி முடித்தோம். இங்கிலீசில் மொழிபெயர்த்து முத்திரையும் குத்தித் தந்தார். கொப்பி அனுப்பினால் மதிக்க மாட்டார்கள், மூல ஓலையையே அனுப்பும் என்றார். அனுப்பினேன். ஏப்ரல் இருபத்தெட்டாம் தேதி துரைக்கு நேரே பதிவுத் தபாலில் போனது. ஐயா, என் கணவருக்கு இந்த வருடமே ஐம்பத்தைந்து முடிகிறது, அவருடைய பங்கையும் உங்கள் பங்கையும் கொடுத்து அனுப்பிவையுங்கள் என்று என் கையால் எழுதினேன்.

என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். நான் பொய் ஒன்றும் எழுதவில்லை. நாற்பத்தைந்து வருடத்துக்கு முன் உங்கள் வீட்டார் சொல்லியிருக்க வேண்டிய உண்மையைச் சொன்னேன். ஓட்டு விலையும் விசாரித்தேன்.

உங்கள்,
பொன்மலர்


புக்கிட் டமார் தோட்டம்,
8 ஜூன் 1941

பொன்மலருக்கு,

இதற்கு முன் இரண்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். அவற்றில் இருந்த வார்த்தைகளை நீர் ஒருநாளும் காண வேண்டாம்.

முதலில் என் குற்றத்தைச் சொல்கிறேன். எனக்குக் கண் போகிறது. வலக்கண் போன வருடமே மங்கிவிட்டது, இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. செரம்பானில் காட்டினேன். நரம்பு வாடுகிறது, கத்தி வைத்து ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். உமக்கு எழுதவில்லை. எழுதினால் மலாயா முழுக்கக் கேட்க அழுவீர் என்று நினைத்தேன். பேனையில் பிழை ஒன்றும் இல்லை.

நான் பார்த்திருந்த வழி அதுதான். தோட்டத்து டாக்டர் நல்ல மனிதர். மூன்று டாக்டர்மார் கூடி என்னைப் பார்த்து, இவன் இனி வேலைக்கு உதவான் என்று எழுதினால் கம்பனி தன் பாதியைக் கொடுத்தே ஆக வேண்டும். வயதை யாரும் கேட்க மாட்டார்கள். ஜூன் மூன்றாம் தேதி அவர்கள் கூடுவதாய் இருந்தது. பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய என் நல்ல கோட்டை எடுத்து வெயிலில் போட்டிருந்தேன்.

மே இருபதாம் தேதி துரை கூப்பிட்டார். மேசையில் உமது கடிதமும் ஓலையும் இருந்தன. ஓலையைத் தொடவும் பயந்து ஒரு தட்டில் வைத்திருந்தார். கோபமில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஜெபரட்ணம், நீ 1922இல் கையெழுத்து வைத்துத் தந்த வயது பொய்யா?" என்றார். பொய்யான விபரம் கொடுத்தவனுக்குக் கம்பனியின் பங்கு இல்லை என்று பண்டுச் சட்டத்தில் பதினாலாவதாய் இருக்கிறது. நான் அதை வாசித்தவன்தான். பத்தொன்பது வருடத்தில் யாரும் கேட்காதபடியால் மறந்திருந்தேன். டாக்டர்மாரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது இரண்டு வழி இருக்கிறது. வயது பொய் என்று ஒத்துக்கொண்டு என் பாதியை மட்டும் வாங்கிக்கொண்டு கப்பலேறுவது ஒன்று. மற்றது, அந்த ஓலை என்னுடையதல்ல, பரமலிங்கம் என்பவன் வேறு ஆள், தவறுதலாய் அனுப்பிவிட்டேன் என்று நீர் புதிதாய்ச் சத்தியக் கடதாசி முடித்து அனுப்புவது. அப்படிச் செய்தால் துரை அதை மேலே வைத்துக் கோப்பை மூடிவிடுவார். ஆனால் கம்பனி வயதை மறுபடியும் கிளறாமலிருக்க, இனி டாக்டர்மார் பேச்சே எடுக்கக் கூடாது, 1945 ஐப்பசி வரை வேலை செய்தே தீர வேண்டும். குருடன் எப்படிக் கிறாணி வேலை பார்ப்பது என்றேன். "கூலிகள் எண்ணூறு பேரையும் பேர் பேராய் உனக்குத் தெரியும். நீ பெயரைக் கூப்பிடு, ஏரம்பு எழுதட்டும்" என்றார். இந்த அளவுக்கு இரங்குகிற துரை வேறெங்கும் கிடையாது.

ஆகஸ்ட் முடிவுக்குள் பதில் வேண்டும். நீர் எப்படிச் சொல்கிறீரோ அப்படிச் செய்கிறேன்.

ஜெபரட்ணம்


உடுவில்,
29 ஜூன் 1941

அன்பானவருக்கு,

எப்படிச் சொல்கிறீரோ அப்படி என்று எழுதிவிட்டீர்கள். பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டு, பாரமா என்றும் கேட்கவில்லை.

கண்ணைப் பற்றி எழுதியிருந்தால் நான் உரும்பிராய்க்குப் போயிருக்க மாட்டேன். உரும்பிராய்க்குப் போவதை நான் எழுதியிருந்தால் நீங்கள் தடுத்திருப்பீர்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் காப்பாற்றப் பார்த்து இருந்ததைக் கெடுத்துவிட்டோம். உங்கள் மேல் எனக்குக் கோபம். என் மேல் அதைவிட. இரண்டு நாள் பள்ளிக்கூடம் போகவில்லை. தலையிடி என்று சொல்லி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் மறுபடியும் உங்கள் அண்ணையிடம் போனேன். பரமலிங்கம் என்று உங்களுக்கு மூத்த இன்னொரு தம்பி சின்னவயதில் செத்துப்போனான், ஓலை அவனுடையது என்று அவரும் சேர்ந்து கையெழுத்து வைத்தால் கடதாசி பலக்கும் என்று சீவரத்தினம் சொல்லியிருந்தார். உங்கள் அண்ணை கேட்டுக்கொண்டே கிணற்றுக் கட்டில் இருந்தார். கடைசியில், "உயிரோடை இருக்கிறவனைச் செத்துப்போனான் எண்டு நான் கையெழுத்து வைக்கிறதோ? அவன் வேதத்துக்கு மாறிப் போன அண்டுகூட நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்றார். பிறகு ஓலை எங்கே என்று கேட்டார். கம்பனியில் என்றேன். அவர் எழும்பித் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

நான் தனியே போனேன். வேதப் புத்தகத்தில் கையை வைத்து, பரமலிங்கம் என்பவர் என் கணவரின் தமையன், சிறுவயதில் இறந்துவிட்டார், ஓலை அவருடையது என்று சத்தியம் செய்தேன். வாய் நடுங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கூடாது என்று அங்கும் இங்கும் இருபது வருடம் படிப்பித்த வாய்.

அரைவாசியோடு வாருங்கள் என்று எழுத எத்தனையோ தரம் பேனையை எடுத்தேன். உங்கள் அரைவாசி நமக்கு ஐந்து வருடம் காணும். ஆறாம் வருடம் என்ன செய்வது? உங்களுக்குக் கண் இராது, எனக்கு வேலை இராது. கம்பனியின் பாதியை அழித்தது நான். அதைத் திருப்பி எடுத்துத் தராமல் உங்கள் முகத்தை என்னால் பார்க்க முடியாது. நாலு வருடம். நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

கடதாசி இத்துடன் வருகிறது. துரையிடம் கொடுங்கள்.

உங்கள்,
பொன்மலர்


புக்கிட் டமார் தோட்டம்,
24 ஆகஸ்ட் 1941

அன்புள்ள பொன்மலருக்கு,

இது ஏரம்புவின் எழுத்து. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறான். ஆகவே உமக்குச் சொல்ல இருக்கிறதெல்லாம் இதில் வராது, நீராக நினைத்துக்கொள்ளும்.

துரை உமது கடதாசியைக் கோப்பின் மேலேயே வைத்துக் கட்டினார். கம்பனியும் சரி என்றுவிட்டது. எனக்கு மறுபடியும் ஐம்பதாகிவிட்டது. ஏரம்பு என்னை இப்போது தம்பி என்று கூப்பிடுகிறான்.

காலையில் வரிசை நிற்கும்போது பெயர் கூப்பிடுகிறேன். முகம் தெரிவதில்லை. குரலை வைத்து யாருக்குக் காய்ச்சல், யார் குடித்துவிட்டு வந்தான் என்று சொல்லிவிடுகிறேன். துரைக்கு அதில் வலு புளுகம், எல்லாரிடமும் சந்தோஷமாய்ச் சொல்கிறார்.

றப்பர் மரங்களுக்குள் அவுஸ்திரேலியச் சிப்பாய்கள் கூடாரம் அடித்திருக்கிறார்கள். துரை தம் பெண்சாதி பிள்ளைகளை அவர்களுடைய ஊருக்கு அனுப்பிவிட்டார். கேட்டால் சும்மா ஒரு விடுமுறைக்கு என்கிறார். யப்பான்காரன் இங்கே வரமாட்டான் என்று பேப்பரில் போடுகிறார்கள். பெனாங்கிலிருந்து ஒக்டோபரில் கப்பல் ஒன்று இருக்கிறது, டெக்கில் இடம் கிடைக்கும் என்று ஏரம்பு விசாரித்து வந்தான். நான் கேட்கச் சொல்லவில்லை, அவனாகப் போய் விசாரித்தான்.

பொன்மலர், வா என்று நீர் ஒரு வரி எழுதினால் நான் மறுவார்த்தை பேசாமல் வருவேன். அதைத்தான் சொல்ல நினைத்தேன்.

உமது,
ஜெபரட்ணம்


உடுவில்,
21 செப்டெம்பர் 1941

அன்பானவருக்கு,

மற்றொருவர் எழுத்தில் உங்கள் கடிதத்தை வாசிக்க அந்நியமாய் இருந்தது. ஏரம்புவுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள்.

கப்பலைப் பற்றி எழுதினீர்கள். மனேஜரிடமும், இங்கிலீசுப் பேப்பர் எடுக்கும் இரண்டு பேரிடமும் விசாரித்தேன். சிங்கப்பூரில் இருக்கிற பீரங்கிக்கு யப்பான்காரன் கிட்டவும் வரமாட்டான் என்று மூன்று பேரும் ஒரே மாதிரிச் சொன்னார்கள். நீங்கள் தனியே இருந்து கலங்குகிறீர்கள். கண் தெரியாவிட்டால் பயம் கூடத்தான் செய்யும்.

இப்போது வந்தால் நான் வேதப் புத்தகத்தில் கை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்தது எதற்காக? அதற்கு ஒரு பலன் வேண்டும். இல்லாவிட்டால் நான் பொய்ச் சத்தியக்காரி மட்டும்தான். இருங்கள். கண்ணுக்குக் குளிர்ந்த தண்ணீர் ஒற்றுங்கள், வெயிலில் தலையில் துண்டு போடாமல் போகாதீர்கள்.

வா என்று எழுத எனக்கு ஆசையில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

உங்கள்,
பொன்மலர்


புக்கிட் டமார் தோட்டம்,
16 நவம்பர் 1941

அன்புள்ள பொன்மலருக்கு,

உமது கடிதம் கிடைத்தது. ஏரம்பு இரண்டு தரம் வாசித்தான். நீர் சொன்னபடியே இருக்கிறேன். ஒக்டோபர்க் கப்பல் போய்விட்டது. இந்த மாதப் பத்து வெள்ளியும் போட்டாயிற்று, கம்பனியும் போட்டது.

ஐப்பசி போனது. மெய்யாகவே ஐம்பத்தைந்து முடிந்தது. அன்று காலையில் யாரிடமும் சொல்லவில்லை.

உமது,
ஜெபரட்ணம்


உடுவில்,
14 டிசம்பர் 1941

அன்பானவருக்கு,

வாருங்கள். யப்பான்காரன் மலாயாவில் இறங்கிவிட்டான் என்கிறார்கள். கம்பனியின் பாதி வேண்டாம். உங்கள் பாதியும் கைக்கு வராவிட்டால் அதுவும் வேண்டாம். கோட்டையும் பெட்டியையும் விட்டுவிட்டு, எந்தக் கப்பலில் எந்த மூலையில் இடம் கிடைத்தாலும் ஏறுங்கள். ஏரம்புவிடம் சொல்லுங்கள், உங்கள் கையைப் பிடித்து ஏற்றிவிடட்டும். தந்தியும் கொடுத்தேன். வாங்கினார்கள், போகும் என்று மட்டும் சொல்லவில்லை.

நான் எழுதியதைக் கேட்டு இருந்தீர்கள். இப்போது எழுதுவதையும் கேளுங்கள்.

பொன்மலர்


உடுவில்,
10 பெப்ரவரி 1946

அன்பானவருக்கு,

டிசம்பரில் எழுதிய கடிதம் அடுத்த ஏப்ரலில் திரும்பி வந்தது. வழி இல்லை என்று உறையில் முத்திரை குத்தியிருந்தார்கள். அதன் பிறகு எழுதவில்லை. இப்போது மலாயாவுக்குத் தபால் எடுக்கிறார்கள் என்றபடியால் பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன். கண்டவர்கள் யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும்.

போன மாதம் ஏரம்புவின் கடிதம் வந்தது. 1943 மார்ச்சில் யப்பான்காரர் சயாமுக்கு ரயில் பாதை போடத் தோட்டத்துக் கூலிகளைப் பிடித்தார்கள், அவர்களோடு பெயர் கூப்பிட ஒரு கிறாணியும் வரவேண்டும் என்றார்கள், ஐம்பத்தைந்து தாண்டியவர்களை விட்டுவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். உங்களைக் கூப்பிட்டபோது எனக்கு ஐம்பத்தாறு என்றீர்களாம். அவர்கள் தோட்டத்துக் கந்தோரில் உங்கள் கோப்பை எடுத்துத் திறந்தார்களாம். மேலே என் சத்தியக் கடதாசி இருந்ததாம். அதைப் பார்த்துவிட்டு, ஐம்பத்திரண்டு என்று லொறியில் ஏற்றினார்களாம். நான் கவலைப்படக் கூடாது என்று ஏரம்பு எழுதியிருக்கிறார். லொறியில் நின்று நீங்கள் எல்லாருடைய பேரையும் ஒருமுறை கூப்பிட்டு, ஆட்கள் சரி என்றீர்களாம். போனவர்களில் பன்னிரண்டு பேர் திரும்பியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் உங்களைக் கடைசியில் கண்டதாய்ச் சொல்லவில்லை.

உங்கள் அண்ணைக்குச் சொல்லப் போனேன். போகும் வழியெல்லாம், ஓலையைக் கேட்பார், என்னைத் திட்டுவார் என்றே நடந்தேன். வாசித்துக் காட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. எழும்பி, "உள்ளுக்கை வாரும்" என்றார். போய் இருந்தேன். இருட்டுமுன் பஸ் வரை கூட வந்து ஏற்றிவிட்டார்.

நேற்றுக் கம்பனியின் கொழும்பு ஏஜெண்டர் எழுதியிருக்கிறார்கள். யுத்தத்தில் புத்தகங்கள் அழிந்தாலும் பண்டுக் கணக்கு லண்டனில் பத்திரமாய் இருக்கிறதாம். நீங்கள் உயிரோடு இருந்தால் ஒக்டோபரில் ஐம்பத்தைந்து முடிந்துவிட்டது, நேரில் வந்து இரண்டு பங்கையும் வாங்கலாமாம். வராவிட்டால், என் கணவர் இறந்துவிட்டார் என்று நான் நம்புகிறேன் என ஒரு சத்தியக் கடதாசி முடித்து அனுப்பினால் போதுமாம், இரண்டு பங்கும் வட்டியோடு எனக்கு வருமாம். படிவத்தையும் வைத்திருக்கிறார்கள். கையெழுத்து வைக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளடிக் குறி போட்டிருக்கிறார்கள்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை நின்று ஒரு வருடமாகிறது. அந்தக் காசு இருந்தால் நான் சாகும்வரை யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. சீவரத்தினம் வந்து, படிவத்தை வாசித்துப் பார்த்து, "இதிலை என்ன பொய் கிடக்கு, ரீச்சர்? வையும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

உங்களை ஒருமுறை கையெழுத்து வைத்துச் சாகடித்தவள் நான். பாதிக் காசுக்காக. முழுக் காசுக்காக இன்னொருமுறை அதைச் செய்ய என் கை எழும்பவில்லை.

படிவத்தின் பின்பக்கத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன். என் கணவர் இறக்கவில்லை, அவருக்கு அறுபதாம் வயது நடக்கிறது, கண் தெரியாது, வருவதற்கு நாள் சுணங்கும், வந்து தானே கேட்பார் என்று எழுதினேன். அதுவும் பொய்ச் சத்தியமானால் முந்தியதோடு சேர்த்துக் கர்த்தர் கேட்கட்டும்.

நான் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுத எனக்கு வெட்கமாய் இருக்கிறது. உங்களை அங்கே இருக்கச் சொன்னவள் நான். ஆனாலும் வாருங்கள். இரவு மெயிலில் வந்தால் விடியச் சுன்னாகம் ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள். அசையாமல் இறங்கின இடத்திலேயே நில்லுங்கள். நான் வந்து கையைப் பிடிக்கிறேன்.

உங்கள்,
பொன்மலர்